முகிலிடை வழி கண்ட விமானிகள்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலையேறி, வண்டிப்பெரியாற்றைக் கடந்து பீர்மேடு செல்லும் பாதையை அங்குள்ள தேயிலைத் தோட்டத் தமிழர் நன்கு அறிவர். ஆடி மாதத்தில் அவ்வழியே சென்றால், கண்ணெதிரே நின்ற மலை ஒரு நொடியில் மறைந்துவிடும். பேருந்து ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தி, மூடுபனி விலகும்வரை காத்திருக்கலாம். அதே முகிலுக்குள் சிறு விமானத்தைச் செலுத்திப் புகுந்தவன் எங்கே நிறுத்துவான்? அவ்வேளையில் கருவியும் பழுதுற்றால் யாது செய்வான்? இவ்வினாவுக்கு மனிதன் விடை கண்ட வரலாற்றையே இங்கு நாம் கூற விழைகிறோம்.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தைச் செலுத்தி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். பம்பாய்வாழ் தமிழரின் கடிதம் ஊருக்கு வான்வழியே செல்லும் காலம் அன்று பிறந்தது. அந்தப் ‘பஸ் மாத்’ விமானத்தில் வானொலித் தொடர்பு இல்லை. ஆறும் இருப்புப்பாதையும் கடற்கரையுமே வழிகாட்டிகள். மழைக்காலத்தில் ஜுஹு விமானத் தளம் சேறாகிவிடுமாதலால், விமானங்கள் பூனாவுக்கு மாறின. 1935இல் பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்திற்கும் சேவை தொடங்கிற்று.

நிலம் கண்ணுக்குத் தெரியும்வரை அம்முறை போதுமானது. முகிலுக்குள் நிலைமை வேறு. நமது உட்செவியிலுள்ள நீர்மமே உடலின் சாய்வையும் சுழற்சியையும் மூளைக்கு உணர்த்துகிறது. விமானம் மெல்லத் திரும்பிக்கொண்டே இருப்பின், சிறிது நேரத்தில் அந்நீர்மம் அமைதியடைந்துவிடும். விமானி நேராகப் பறப்பதாகவே எண்ணுவான். உண்மையில் விமானமோ சாய்ந்து, சுழன்று, கீழிறங்கிக்கொண்டிருக்கும். எத்துணை வலிமையும் துணிவும் உடையவனாயினும் இம்மயக்கத்திற்குத் தப்ப இயலாது.

கருவிகளைக் கொண்டு இதனை வெல்லலாம் என்பதை 1929ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் அமெரிக்காவில் ஜிம்மி டூலிட்டில் மெய்ப்பித்தார். வெளியே எதுவும் தெரியாதபடி மூடப்பட்ட அறையிலிருந்து அவர் மேலெழும்பி, பறந்து, தரையிறங்கினார். சுழல்சக்கரத்தால் இயங்கும் செயற்கை அடிவானமும், நுட்பமான உயரமானியும் அவருக்குக் கண்ணாயின.

ஆயினும் கருவியும் பழுதடையக் கூடியதே. வேகமானிக்குக் காற்றழுத்தத்தைக் கொண்டுவரும் பீட்டோ குழாயைப் பனிக்கட்டியோ, நீரோ, ஒரு சிறு பூச்சிக்கூடோ அடைத்துவிடக்கூடும். வெளியழுத்தத்தை உணரும் துளை அடைபட்டால், விமானம் இறங்கினாலும் உயரமானியின் முள் அசையாது. செயற்கை அடிவானம் பல சிறு விமானங்களில் காற்றை உறிஞ்சும் பம்பினால் இயங்குவது. பம்பு நின்றாலும் சக்கரம் உடனே நிற்பதில்லை. வேகம் குறைந்து சிறிது சிறிதாகச் சாயும். அதை நம்பித் தொடரும் விமானி, தானும் சாய்ந்தே போவான். முற்றிலும் நின்றுவிட்ட கருவியைக் காட்டிலும் மெல்லப் பொய்யுரைக்கும் கருவியே பேரிடர் விளைப்பது.

ஆகவே எந்த ஒரு கருவியையும் தனியே நம்பலாகாது என்ற விதி பிறந்தது. திருப்பங்காட்டும் கருவிக்குப் பம்பை விடுத்து மின்சாரத்தை அமைத்தனர். ஒன்று நின்றால் மற்றொன்று சான்று கூறும். ஐயத்திற்குரிய கருவியின் முகத்தைத் தாளால் மூடிவிடுமாறும் விமானிகளுக்குக் கற்பித்தனர். பழகிய கண் மீண்டும் அதனையே நாடும் அன்றோ? வேகமானி பொய்த்தால், இஞ்சின் வேகத்தையும் மூக்கின் நிலையையும் கொண்டு விமானத்தின் வேகத்தை அறியலாம். அழுத்தத் துளை அடைபட்டால், அறைக்குள் உள்ள மாற்றுத் துளையைத் திறக்கலாம். இன்று முட்களுக்குப் பதில் மின்திரைகள் வந்துள்ளன. எனினும் விதி மாறவில்லை.

1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கருவிப் பயிற்சியற்ற 20 பேரை நிலம் தெரியா நிலையில் விமானம் செலுத்தச் செய்தனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் சராசரியாக 178 வினாடிகளே. பின்னர் அவர்களுக்கு ஓர் எளிய முறையைக் கற்பித்தனர். பதறாது இறக்கைகளைச் சமன்செய்து, மெதுவாக அரைவட்டம் திரும்பி, வந்த வழியே செல்வதே அம்முறை. வினாடிக்கு 3 பாகை வீதம் திரும்பினால், ஒரே நிமிடத்தில் விமானம் வந்த திசையை நோக்கிவிடும். பயிற்சிக்குப் பின் ஏறத்தாழ எல்லோரும் தப்பும் திறன் பெற்றனர்.

நம் மலைகளில் வழி தவறுவதன் விலை என்ன என்பதை 1950ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் நீலகிரி கண்டது. கோத்தகிரிக்கு அருகே ஏர் இந்தியா விமானமொன்று மலையில் மோதிற்று. புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்டும் அவர் மனைவியும் அதில் மாண்டனர். போர்க்காலத்தில் விமானங்கள் பிழைத்து வரும் வழியை ஆராய்ந்தவர் அவர் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி.

இனி பீர்மேட்டுக்கு மீள்வோம். வண்டிப்பெரியாற்றை அடுத்த சத்திரம் என்னுமிடத்தில், தேசிய மாணவர் படையினரின் பறத்தற் பயிற்சிக்கென 650 மீட்டர் ஓடுபாதை அமைக்கப்பட்டது. அங்கே இறங்க வந்த சிறு விமானம் முதலில் இருமுறை இறங்காமலே திரும்பிற்று. ஓடுபாதையருகே நின்ற மண்மேடு தடையாக இருந்தது. 2022ஆம் ஆண்டு மழையில் பாதையின் ஒரு பகுதியும் சரிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் ‘வைரஸ் எஸ்.டபிள்யூ. 80’ என்ற இருவர் அமரும் விமானம் அங்கே நலமே இறங்கியது.

மூன்றாம் முறை இறங்கியதை ஊர் கொண்டாடியது. முதலிரு முறை திரும்பிச் சென்றதையும் நாம் போற்றுதல் வேண்டும். அங்கே பயிலவரும் பிள்ளைகள் முதற்கண் கற்க வேண்டிய பாடம் அதுவே. கண் மறையும்போது கருவியை நம்புக. கருவிகள் முரண்படும்போது ஒன்றை மற்றொன்றால் ஆராய்க. ஐயம் தீராதாயின் நாணாமல் திரும்புக. திரும்பி வந்தவனுக்கு மறுநாளும் வானம் உண்டு.