பாட்டிக் துணி வாங்கிக்கொடுத்த நிலம்

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் உருவான சோழமண்டல ஓவியர் கிராமத்தைப் பற்றி எழுதுவோர் கே.சி.எஸ். பணிக்கரையும் மதராஸ் கலை இயக்கத்தையும் தவறாமல் குறிப்பிடுவர். நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்பதோ ஒரு வரியில் கடந்துபோகும். அது பெரிதும் பாட்டிக் துணி விற்ற பணம்.

1960களின் தொடக்கத்தில் சென்னையில் நவீன ஓவியங்களை விலைகொடுத்து வாங்குவோர் மிகச் சிலரே. கலைப்பள்ளி முதல்வரான பணிக்கர், தேர்ந்த மாணவர்கள் பிழைப்புக்காகத் தொடர்பற்ற வேலைகளில் கரைந்துபோவதைக் கண்டார். ஓவியர்களுக்கான கைவினைச் சங்கம் ஒன்று அதன் விளைவாகப் பிறந்தது. உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து, குளிர்ந்த சாயத்தில் தோய்த்து, பின்னர் வெந்நீரில் மெழுகை நீக்குவது பாட்டிக். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் நரம்புபோல் ஓடும். ஒரு துணியில் விழுந்த வெடிப்பு மறுதுணியில் விழாது. ஓவியரும் நினைத்தபடி அதைத் திரும்ப வரவழைக்க இயலாது.

இதில் ஒரு முரண் உண்டு. 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அப்பள்ளி நெடுங்காலம் தொழிற்கலைகளுக்கே பெயர்பெற்றிருந்தது. கைவினைஞர் என்ற அடையாளத்திலிருந்து விலகி ஓவியராக முயன்ற தலைமுறைக்குக் கைவினையே சோறிட்டது.

பெயர்களும் கவனிக்கத்தக்கவை. 'கோரமண்டல்' என்பது சோழமண்டலத்தின் திரிபு. அக்கரையின் சாயத்துணிகள் நூற்றாண்டுகளாகச் சாவகத்துக்குக் கப்பலேறின. அங்குள்ள பாட்டிக் வடிவங்களில் அவற்றின் சாயலைக் காண்போர் உளர். சாவகச் சொல்லான 'பாட்டிக்'கைப் புள்ளியைக் குறிக்கும் சொல்லோடு இணைப்பர். நம் 'சீட்டி'யின் மூலமும் தெறித்த புள்ளியே.

பம்பாயில் வேறொரு வழி இருந்தது. கே.ஜி. சுப்பிரமணியன் 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பு வகித்தார். அங்கே ஓவியர் அரசு ஊழியர். வடிவம் அவருடையது, தறி நெசவாளருடையது. ஈஞ்சம்பாக்கத்தாரின் துணியில் வரைந்த கையும் விற்றுப் பணம் எண்ணிய கையும் ஒன்றே. ஊதியம் நிச்சயமில்லை, மனை சொந்தமாயிற்று.

அக்காலத்து ஓவியங்கள் அருங்காட்சியகச் சுவர்களை அடைந்தன. துணிகள் உடுத்தப்பட்டன, வெளுக்கப்பட்டன, நைந்தன. எஞ்சியவை சில வீடுகளின் பெட்டிகளில், வரைந்தவர் யாரென்று தெரியாமலே மடிந்துகிடக்கக்கூடும்.