பறக்கும் படகும் ஒரு பிரெஞ்சுக் கோப்பையும்

புதுச்சேரிக்குக் கடல் உண்டு. ஆனால் பிரெஞ்சுக்காரர் நாளில் கப்பல் கரையை அண்டியதில்லை. தூரத்திலேயே நங்கூரம் போட்டு நின்றுவிடும். ஆளும் சரக்கும் சலங்கில் ஏறி, அலையில் எழும்பி விழுந்துதான் கரை சேரவேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்கு இந்தச் சலங்கு புதிதல்ல. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கிடக்கும் அந்தக் கொஞ்ச தூரந்தான் மகா சங்கடம்!

முதல் உலக யுத்தத்தில் ஆகாய விமானங்களுக்கும் இப்படி ஒரு சங்கடம் வந்தது. போர்க் கப்பலின் சிறிய மேடையிலிருந்து விமானத்தைக் கிளப்பிவிடலாம். ஆனால், திரும்பி வந்து எங்கே இறங்குவது? விமானி கப்பலுக்குப் பக்கத்தில் கடலில் விழுவான், அவனைத் தூக்கிவிடுவார்கள். யந்திரம் பெரும்பாலும் போனது போனதுதான்.

சண்டை விமானத்துக்குப் படகின் வயிற்றையே வைத்துவிட்டால் என்ன என்று பிரிட்டிஷ் கடற்படையினர் யோசித்தார்கள். அதற்காக ஸௌதாம்ப்டனில் இருந்த ஸூப்பர்மரின் கம்பெனி செய்த 'பேபி' 1918 பிப்ரவரியில் பறந்தது. ஒரே ஆள் ஏறும் படகு. இறக்கைகளை மடக்கிக் கப்பலில் வைத்துக்கொள்ளலாம். பாவம், பிறந்த வேளை சரியில்லை. அதற்குள் சக்கரம் வைத்த சின்ன ஸாப்வித் விமானங்கள் கப்பலிலிருந்து கிளம்பத் தொடங்கிவிட்டன. தட்டையான மேல்தளத்தோடு 'ஆர்கஸ்' என்ற கப்பலும் அதே வருஷம் வந்துவிட்டது. இறங்க இடம் கிடைத்த பிறகு படகு எதற்கு?

கம்பெனிக்காரர்கள் மனம் தளரவில்லை. 1920-21இல் 'ஸீ கிங்' என்று இன்னொன்று செய்தார்கள். மடங்கும் சக்கரங்களும் இதற்கு உண்டு. நீரிலும் இறங்கும், நிலத்திலும் இறங்கும். வாங்கத்தான் ஆள் இல்லை. மல்யுத்தத்துக்குப் போகிறவன் முதுகில் ஒரு தோணியைக் கட்டி அனுப்பினால் அவன் என்ன செய்வான்? படகு வயிற்றின் கனமும் அது காற்றை எதிர்க்கும் எதிர்ப்பும் வேகத்தைத் தின்றுவிடும்.

விலைபோகாத இந்தச் சரக்குக்கு ஒரு பிரெஞ்சுக்காரரின் கோப்பை வாழ்வு கொடுத்தது. ழாக் ஷ்னைடர் என்பவர் இரும்புத் தொழிலில் பேர்போன குடும்பத்துப் பிள்ளை. உலகில் முக்கால் பங்கு நீர்தானே, விமானம் கடலை நம்பினால் எந்தக் கரைக்கும் போகலாமே என்பது அவர் எண்ணம். 1912இல் கடல் விமானப் பந்தயத்துக்கு ஒரு கோப்பை வைத்தார். ஐந்து வருஷத்துக்குள் மூன்று முறை ஜெயிக்கும் நாட்டுக்குக் கோப்பை நிரந்தரச் சொந்தம். 1920, 1921 இரண்டிலும் இத்தாலி ஜெயித்துவிட்டது. இன்னும் ஒன்று ஜெயித்தால் பந்தயமே முடிந்துபோகும்!

ஸூப்பர்மரினில் அப்போது தலைமை நிபுணர் ஆர். ஜே. மிட்செல், வயது இருபத்தேழு. ஸீ கிங்கையே திருத்தி, 450 குதிரை சக்தி நேப்பியர் எஞ்சினைப் பொருத்தி, 'ஸீ லயன்' என்று பெயரை மாற்றினார்கள். சர்க்கார் உதவி கிடையாது. எஞ்சினை நேப்பியர் கம்பெனி இரவல் கொடுத்தது. நேப்பிள்ஸ் வரை ஒரு கப்பல் கம்பெனி இலவசமாக ஏற்றிச் சென்றது. பயிற்சியின்போது விமானி ஹென்ரி பியார்ட் முழு வேகத்தைக் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தாராம். 1922 ஆகஸ்ட் 12ஆம் தேதி மணிக்கு 145 மைலுக்குச் சற்று மேலான வேகத்தில் பறந்து ஜெயித்தார். கோப்பை பிழைத்தது.

மறு வருஷம் அமெரிக்கர்கள் மிதவை விமானங்களைக் கொண்டுவந்து எளிதாக ஜெயித்தார்கள். மிட்செல் படகு வயிற்றைக் கைவிட்டார். 1925 முதல் மெலிந்த உடலும் மிதவைகளுமாக அவர் விமானங்கள் மாறின. 1927, 1929, 1931 மூன்றிலும் ஜெயித்துப் பிரிட்டன் கோப்பையைச் சொந்தமாக்கிக்கொண்டது. 1936இல் அவருடைய 'ஸ்பிட்பயர்' பறந்தது. அடுத்த வருஷமே அவர் இறந்தார், நாற்பத்திரண்டு வயதில். ஸ்பிட்பயர் ஸீ கிங்கின் பேரன் என்று சிலர் எழுதுகிறார்கள். அது அதிகம். உடலில் ஜாடையே இல்லை. ஆனால் நேப்பிள்ஸில் பந்தயம் முடிந்துபோயிருந்தால், மிட்செலுக்கு வேகத்தைப் படிக்க வேறு எந்தப் பள்ளிக்கூடம் கிடைத்திருக்குமோ?

ஷ்னைடர் 1928இல் பிரான்ஸின் தென்கரையில் வறுமையில் காலமானார். கரை கரையாய்ப் பயணிகளைச் சுமக்கும் விமானங்களை அவர் எதிர்பார்த்தார். பந்தயத்துக்கு வந்தவையோ பெரும்பாலும் ஓர் ஆளுக்கு மேல் கொள்ளாதவை. கோப்பை இப்போது லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் இருக்கிறது.