பிடி அரிசியில் வளர்ந்த கல்வி

கோவிலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் என்பது நம் பகுதியில் கண்டு பழகிய காட்சி. பனையேறியின் மகனும் மீனவரின் மகளும் சம்பளம் கட்டாமல் அங்கே அரிச்சுவடி படித்தனர். ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. இலவசக் கல்வி என்பது செலவில்லாத கல்வி அன்று. செலவைப் பிறர் ஏற்றுக்கொண்ட கல்வி. அவர்களை நன்றியோடு நினைவுகூர யூபிலி ஆண்டே தக்க தருணம்.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, 1544-இல் நம் திருவிதாங்கூர்க் கரையோர ஊர்களிலும் மறைப்பணி ஆற்றிய புனித சவேரியார், சிறுவர்களைக் கூட்டித் தமிழில் செபங்களைக் கற்பித்தார். தாம் சென்ற பின்னும் கற்பிக்க ஆட்களை நியமித்தார். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென அத்துறை மக்கள் செலுத்திவந்த பணத்தை இதற்காக வேண்டிப் பெற்றார். அரசியின் காலுக்குப் போன பணம் ஏழைச் சிறுவரின் அறிவுக்கு வந்தது!

1817-இல் திருவிதாங்கூர் இராணி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என ஆணையிட்டார். ஆயினும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளின் கதவு நெடுங்காலம் திறக்கவில்லை. அந்நாளில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். பின்னல் விற்ற பணம் படிப்புக்கு உதவியது.

கோவில்தோறும் பள்ளி வேண்டும் என்று 1864-இல் கட்டளையிட்டவர், அப்போது மலையாளக் கரையின் சீரோ மலபார் திருச்சபையில் முதன்மைக் குருவாயிருந்த புனித சாவறா குரியாக்கோஸ் எலியாஸ். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று அறிந்து மதிய உணவும் அளிக்கச் செய்தார். அதற்கு வீடுதோறும் பிடி அரிசி சேர்க்கப்பட்டது. உலையிடுமுன் ஒதுக்கிய ஒரு பிடி! கொடுத்தவர்களும் செல்வர்கள் அல்லர்.

1956 நவம்பர் 1-இல் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. பெருந்தலைவர் காமராசர் ஆட்சியில் மதிய உணவும் சம்பளமில்லாக் கல்வியும் பரவின. அந்த மதிய உணவும் முதலில் ஊரார் நன்கொடையால்தான் வளர்ந்தது. 1982-இல் சத்துணவும், 2022-இல் காலை உணவும் வந்தன. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு பெற்று நம் மாவட்டம் தமிழகத்தில் முதலிடத்தில் நின்றது. அது பல கைகள் சேர்த்த பிடி அரிசியின் பலன்.

இனி நம் கடமை என்ன? சம்பளம் இல்லை, சோறும் உண்டு. அப்படியிருந்தும் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்போடு நின்று கூலிக்குப் போகிறது என்றால், அந்தக் கூலி வீட்டுக்குத் தேவைப்படுகிறது என்றே பொருள். தகப்பன் நோயில் விழுந்தால் மகனின் படிப்பும் விழுகிறது. அவன் பிள்ளைகளும் அதே வறுமையில் பிறக்கின்றன. அந்தச் சங்கிலியை அறுக்க அரசின் சட்டம் மட்டும் போதாது. அன்பியத்தில் அயல்வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று கேட்பதும், போகாவிடில் அவ்வீட்டின் சுமையில் ஒரு பங்கை ஏற்பதும் நம் காலத்தின் பிடி அரிசி.

நாம் படித்தது பிறர் ஒதுக்கிய அரிசியால். நம் உலையிலிருந்தும் ஒரு பிடி ஒதுக்குவோமாக.