பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும்



மடத்துவெளியால் குறிகட்டுவானுக்குப் போகும்போது செம்பருந்து வட்டமிடுவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கருடன் என்று கும்பிடுவதும் அதைத்தான். அது தண்ணீருக்குள் மூழ்காது. மேலே வரும் மீனையோ பாம்பையோ காலால் தூக்கிக்கொண்டு போகும். வாடைக்காலத்தில் வருகிற விராலடிப்பான் வேறு. அது சிறகடித்து ஒரே இடத்தில் நின்று குறிபார்த்து, கால்களை நீட்டித் தண்ணீரில் விழும்.

நயினாதீவு ஐதீகம் உங்களுக்குத் தெரியும். புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூக்கொண்டு நீந்திய நாகத்தைக் கருடன் மறித்தது. நாகம் கடலில் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. கருடன் எதிர்க்கல்லில் காத்திருந்தது. கப்பலில் வந்த வணிகர் ஒருவர் கெஞ்ச, அம்மனுக்குக் கோயில் கட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு கருடன் விட்டது. அந்த இரண்டு கற்களையும் இன்றும் கடலில் காட்டுவார்கள்.

இது சாசனம் அல்ல. ஆனாலும் பருந்தின் வேட்டையையும் சோழநாட்டு வணிகத்தையும் கண்ணால் கண்டவர்கள் சொன்ன கதை.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களான எங்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதே காலத்தில் புங்குடுதீவுச் சனமும் வீடுவாசலை விட்டு ஓடியது. இரண்டு பக்கமும் நாகமாக இருந்தோம். கெஞ்ச ஒரு வணிகர் வரவில்லை.

வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த வணிகரிடம்தான் நாங்கள் கூடுதல் நேரம் நிற்கிறோம்.