சமூகத் தோட்டங்கள் (அமெரிக்கா): உணவு நீதியும் நில உரிமையும்

சமூகத் தோட்டம் என்பது ஒரு வட்டாரத்து மக்கள் தங்கள் உணவுக்காகச் சேர்ந்தோ, ஆளுக்குச் சில பாத்திகளாகப் பிரித்துக்கொண்டோ பயிரிடும் நிலம். உணவு நீதி அதைவிட விரிந்த கோரிக்கை. நல்ல உணவு எல்லோருக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும். அதை விளைவிக்கும் நிலத்திலும் விற்கும் கடையிலும், அவற்றை ஆளும் முடிவுகளிலும் உண்பவர்களுக்கும் உழைப்பவர்களுக்கும் பங்கிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தோட்டம் போட்டால் நீதி தானே வந்துவிடும் என்ற நம்பிக்கை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நூற்று முப்பது ஆண்டு அனுபவம் அந்த நம்பிக்கைக்கு ஒரு நிபந்தனை விதிக்கிறது. அங்கே பசி வந்தபோதெல்லாம் காலி மனைகள் ஏழைகளுக்குத் திறந்துவிடப்பட்டன. மனையின் விலை ஏறியதும் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டன. தோட்டத்தின் பயன் எவ்வளவு காலம் நீடித்தது என்பதை விளைச்சலைவிட, நிலம் யார் கையில் இருந்தது என்பதே தீர்மானித்திருக்கிறது.

இந்த வரலாறு டெட்ராய்ட்டில் தொடங்குவதாகக் கொள்ளலாம். 1893-இல் அமெரிக்க வங்கிகளும் இரயில் நிறுவனங்களும் வரிசையாகச் சரிந்தபோது, அந்நகரின் ஆலைகளை நம்பியிருந்த போலந்து, ஜெர்மானியக் குடியேறிகள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தனர். மேயர் ஹேசன் பிங்ரீ காலணித் தொழிற்சாலை நடத்திப் பொருள் சேர்த்தவர். விலை ஏறட்டும் என்று உடைமையாளர்கள் சும்மா போட்டு வைத்திருந்த மனைகளை 1894-இல் அவர் ஏழைகளுக்காக இரவல் கேட்டார். சுமார் 430 ஏக்கர் சேர்ந்தது. ஏறத்தாழ 945 குடும்பங்கள் அதில் உருளைக்கிழங்கு, பீன்ஸ், டர்னிப் பயிரிட்டன. விதைக்கும் உழவுக்கும் பணம் திரட்டத் தம் குதிரையையே பிங்ரீ ஏலத்தில் விட்டார். முதலில் கேலி செய்த பத்திரிகைகள் அறுவடைக்குப் பின் அடங்கின. நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா முதலிய நகரங்கள் இத்திட்டத்தைப் பின்பற்றின. அந்தக் குளிர்காலப் பசியை அது தணித்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கொடுக்கப்பட்டது ஒரு பருவத்துக்கான அனுமதி மட்டுமே. பொருளாதாரம் மீண்டபோது மனைகளும் உடைமையாளர்களிடம் மீண்டன. வேலையின்மையையும் காலி மனையையும் ஒருங்கே உண்டாக்கிய ஏற்பாடு அப்படியே இருந்தது.

இரண்டு உலகப் போர்களும் இதே ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் விரித்தன. 1943-44 வாக்கில் அமெரிக்காவில் சுமார் 2 கோடி ‘வெற்றித் தோட்டங்கள்’ இருந்தன. நாட்டின் புதிய காய்கறிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் அவற்றிலிருந்து வந்ததாக அன்றைய மதிப்பீடுகள் சொல்கின்றன. பள்ளி மைதானம், பூங்கா, இரயில் பாதையோரம் எதையும் விட்டுவைக்கவில்லை. அரசு கையேடுகள் கொடுத்துக் குடிமக்களை மண்வெட்டி எடுக்கச் சொன்ன அதே காலத்தில், 1942 பிப்ரவரியில் பிறப்பிக்கப்பட்ட ஆணை ஒன்றின்படி மேற்குக் கடற்கரையின் ஜப்பானிய அமெரிக்கர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பலர் கலிபோர்னியாவின் தேர்ந்த காய்கறி விவசாயிகள். பலர் நிலத்தையும் குத்தகையையும் இழந்தார்கள். நாட்டின் மொத்த விளைச்சல் கூடியபோதே ஒரு மக்களின் நிலம் பறிபோக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. போர் முடிந்தது, அரசு ஊக்குவிப்பை நிறுத்தியது, பெரும்பாலான தோட்டங்கள் சில ஆண்டுகளில் மறைந்தன.

உணவையும் உரிமையையும் முதலில் வெளிப்படையாக இணைத்தவர்கள் தெற்கு மாநிலங்களின் கறுப்பின மக்கள். 1920-இல் அமெரிக்காவில் சுமார் 9,25,000 கறுப்பின விவசாயிகள் இருந்தனர். நூற்றாண்டின் இறுதியில் 20,000-க்கும் குறைவு. கடன் மறுப்பு, வன்முறை, பாகப்பிரிவினை வழக்குகளில் நடந்த கட்டாய ஏலம் எனப் பல வழிகளில் நிலம் போயிற்று. வேளாண் துறையின் கடன் வழங்கலில் இனப்பாகுபாடு காட்டப்பட்டதாகத் தொடரப்பட்ட பிக்ஃபோர்டு வழக்கு, 1999-இல்தான் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. மிசிசிப்பி டெல்டாவில் உணவு நேரடியான ஆயுதமாகவும் இருந்தது. 1962-இல் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு செய்யத் தொடங்கியதும், லெஃப்லோர் மாவட்ட நிர்வாகம் கூட்டரசின் உபரி உணவு விநியோகத்தை நிறுத்தியது. 20,000-க்கும் மேற்பட்டோர் குளிர்காலத்தில் மாவும் கொழுப்பும் இன்றித் தவித்தனர். அதே ஆண்டு, பக்கத்து சன்ஃபிளவர் மாவட்டத்தில், வாக்குரிமை கேட்டுப் பதிவு அலுவலகம் சென்ற ஃபேனி லூ ஹேமர், பதினெட்டு ஆண்டுகள் விளைச்சலில் பங்குக்கு உழைத்த பண்ணையிலிருந்து அன்றே வெளியேற்றப்பட்டார்.

அந்த ஹேமர் 1969-இல் 40 ஏக்கர் வாங்கி ‘சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவு’ தொடங்கினார். பின்னர் மேலும் சுமார் 640 ஏக்கர் சேர்ந்தது. ஒரு பகுதியில் கடனடைக்கப் பருத்தியும் சோயாவும். மற்றதில் கீரை, வெண்டை, சர்க்கரைவள்ளி, தக்காளி, சோளம். பண்ணையில் உழைத்த குடும்பங்களுக்கும், உழைக்க முடியாத முதியோருக்கும் காய்கறி போயிற்று. கறுப்பினப் பெண்களின் தேசிய மன்றம் தந்த உதவியால் ‘பன்றி வங்கி’யும் நடந்தது: சினைப்பன்றி ஒன்றைப் பெறும் குடும்பம், ஈன்ற குட்டிகளில் இரண்டைத் திருப்பித் தர வேண்டும், மீதி குடும்பத்துக்கு. கூட்டுறவின் மாதச் சந்தா ஒரு டாலர்தான். அதையும் கட்ட முடிந்தவை சில பத்துக் குடும்பங்களே. வெள்ளம், சூறாவளி, நிதிப் பற்றாக்குறை, வரிப்பாக்கி எல்லாம் சேர்ந்து 1970-களின் நடுவில் நிலம் கைநழுவியது. நிலம் சொந்தமாக இருந்தும் இப்பண்ணை வீழ்ந்ததே என்று இக்கட்டுரையின் வாதத்துக்கு எதிராக ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஹேமரிடம் இருந்தது கடன் சுமந்த பத்திரம். பக்கத்து வெள்ளையின விவசாயிகள் ஒரு மோசமான பருவத்தைத் தாண்ட உதவிய அரசுக் கடனும் காப்பும் அவருக்குக் கிடைக்கவில்லை. எனவே இப்பண்ணை தரும் பாடம் நில உரிமை வீண் என்பதல்ல; பத்திரத்தோடு முதலும் வேண்டும் என்பதே.

வடக்கு நகரங்களில் 1970-களில் வேறொரு அலை எழுந்தது. நியூயார்க்கில் வீட்டு உடைமையாளர்கள் கட்டடங்களைக் கைவிட்டுச் சென்றனர். பல வட்டாரங்களில் இடிபாடுகளே மிஞ்சின. 1973-இல் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் மன்ஹாட்டனின் பவரி வீதி மூலையில் குப்பை மேடாகக் கிடந்த மனையைச் சீர்செய்தார்கள். மறு ஆண்டு மாநகராட்சி அதை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அவர்களுக்கு விட்டது. தொடர்ந்து நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தோன்றின. புவேர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள் சிறு மரவீடு கட்டி, மிளகாயும் கொத்தமல்லியும் வளர்த்துக் கூடிப் பேசும் இடமாக அவற்றை ஆக்கிக்கொண்டன. இவ்வாறு பிழைத்த தெருக்களில் மனை விலை ஏறியதும், 1999-இல் மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் 114 தோட்டங்களை ஏலத்துக்கு அறிவித்தது. போராட்டமும் வழக்கும் நடந்தன. கடைசி நேரத்தில் இரண்டு அறநிறுவனங்கள் அவற்றை வாங்கி அறக்கட்டளை உடைமையாக்கின. அந்தத் தோட்டங்களைக் காப்பாற்றியது சட்டப்படியான உடைமை மாற்றம். விளைந்த தக்காளியின் எடை அந்தப் பேரத்தில் எங்கும் கணக்கில் வரவில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் அந்த அளவு நற்பேறும் வாய்க்கவில்லை. 1992-இல் அந்நகரில் நடந்த கலவரத்துக்குப் பின், அதன் தென்மத்தியப் பகுதியில் 14 ஏக்கர் நிலம் வட்டார உணவு வங்கி வழியாகச் சமூகத் தோட்டமாயிற்று. குப்பை எரி உலைக்காக மாநகராட்சி முன்பு கையகப்படுத்தி, மக்கள் எதிர்ப்பால் கைவிட்ட நிலம் அது. மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த சுமார் 350 குடும்பங்கள் அங்கே பயிரிட்டன. மக்காச்சோளம், கள்ளி மடல், பந்தலில் படர்ந்த சௌசௌ, பருப்புக்கீரை, கொய்யா என நூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த விதைகள் உட்பட, கிடங்குகளுக்கு நடுவே வளர்ந்தன. கடையில் கிடைக்காத அல்லது வாங்க முடியாத உணவு அது. மருந்துச் செடிகளும் அதில் அடக்கம். 2003-இல் மாநகராட்சி நிலத்தைப் பழைய உடைமையாளருக்கே சுமார் 50 லட்சம் டாலருக்கு விற்றது. மூன்றாண்டு கழித்து விவசாயிகளிடம் கேட்கப்பட்ட விலை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல். 2006 ஜூன் 13 அன்று காவலர் வந்து ஆட்களை வெளியேற்ற, புல்டோசர்கள் உள்ளே நுழைந்தன. பன்னிரண்டு ஆண்டு உழைப்பில் மண் வளமானது. அந்த வளத்தின் மீது உழைத்தவர்களுக்கு எந்தச் சட்ட உரிமையும் இல்லை.

டெட்ராய்ட்டுக்குத் திரும்பினால் சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 1950-இல் 18 லட்சத்தைத் தாண்டிய மக்கள்தொகை 2010-இல் 7,13,777 ஆகச் சுருங்கியது. கார் ஆலைகள் புறநகருக்கும் பிற மாநிலங்களுக்கும் போயின. வெள்ளையினக் குடும்பங்களும் போயின. பெரிய மளிகைக் கடைகள் அவர்களைத் தொடர்ந்தன. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக எஞ்சிய நகரில், 1970-களில் மேயர் கோல்மன் யங்கின் நிர்வாகம் காலி மனைகளில் பயிரிட விதையும் உழவு உதவியும் அளித்தது. தெற்கிலிருந்து வந்து குடியேறிய முதியோரின் பயிர் அறிவு அத்தோட்டங்களுக்கு அடித்தளம். 1992-இல் ஜேம்ஸ் பாக்ஸ், கிரேஸ் லீ பாக்ஸ் இணையர் தொடங்கிய ‘டெட்ராய்ட் சம்மர்’ இயக்கம் இளைஞர்களை அவர்களோடு சேர்த்தது. 2006-இல் மாலிக் யாகினி முதலியோர் அமைத்த கறுப்பினச் சமூக உணவுப் பாதுகாப்பு வலையமைப்பு ஒரு படி மேலே போயிற்று: பெரும்பான்மை கறுப்பின நகரில் உணவு இயக்கத்தின் தலைமையும் பணமும் வெளியாரிடம் இருப்பதை அது கேள்வி கேட்டது. ரூஜ் பூங்காவில் மாநகராட்சியிடம் பத்தாண்டு உரிமம் பெற்று ‘டி-டவுன்’ பண்ணையை 2008-இல் தொடங்கியது. இரண்டு ஏக்கரில் ஆரம்பித்த பண்ணை ஏழு ஏக்கராக வளர்ந்தது. பனிக்காலத்திலும் கீரை எடுக்க நெகிழித்தாள் போர்த்திய வளைவுக் கூடாரங்கள், தேனீப் பெட்டிகள், மக்கு உரக் குவியல்கள் எல்லாம் அங்கே உண்டு.

அதே நகரில் 2012 டிசம்பரில் நகரமன்றம் 5-க்கு 4 வாக்கில் சுமார் 1,500 மனைகளை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 டாலர் வீதம், மரம் வளர்க்கப்போவதாகச் சொன்ன ஹான்ட்ஸ் என்ற தனியார் நிறுவனத்துக்கு விற்றது. ஆண்டுக்கணக்கில் பக்கத்து மனையைப் பெருக்கிப் பயிரிட்டுவந்த குடியிருப்பாளர்கள் அதை விலைக்கு வாங்க மனுவோடு அலைந்துகொண்டிருந்தார்கள். நிறுவனத்தின் ஆதரவாளர்கள் வரி வருவாயையும் குப்பை அகற்றலையும் காட்டினர். அவை உண்மையான பயன்களே. ஆனால் அதே விலையில், அதே எளிமையோடு, குடியிருப்பாளர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் அந்தப் பயன்கள் கிடைத்திருக்கும். நிலமும் வட்டாரத்தார் கையில் இருந்திருக்கும். பக்கத்து மனைகளை 100 டாலருக்கு விற்கும் திட்டம் 2014-இல் வந்தபோது, அது முடியக்கூடிய காரியம்தான் என்பது தெரிந்தது.

சமூகத் தோட்ட இயக்கத்தின் மீது மூன்று மறுப்புகள் வலுவானவை. முதலாவது, தோட்டம் ஒரு நகரத்துக்கு உணவூட்டாது என்பது. 2010-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வொன்று, டெட்ராய்ட்டின் பொது உடைமையான காலி நிலத்தில், கூடாரமும் சேமிப்புக் கிடங்கும் இருந்தால், நகரின் காய்கறித் தேவையில் சுமார் முக்கால் பங்கும் பழத்தில் சுமார் 40 சதவீதமும் விளைவிக்கலாம் என்று கணக்கிட்டது. தானியம், பால், எண்ணெய் வெளியிலிருந்தே வர வேண்டும். யாரும் அதை மறுக்கவில்லை. இரண்டாவது, பசியின் காரணம் வருமானக் குறைவு என்பதால் ஊதியமும் அரசு உணவு உதவியும்தான் தீர்வு என்பது. பெருமளவு சரி. இன்றும் அமெரிக்காவில் உணவு உதவி அட்டை நிரப்பும் வயிறுகளின் எண்ணிக்கைக்கு எந்தத் தோட்டமும் ஈடாகாது. ஆனால் உதவி மேலிருந்து நிறுத்தப்படக்கூடியது என்பதை லெஃப்லோர் மக்கள் 1962-இல் கண்டார்கள். ஆகவே இரண்டும் வேண்டும். மூன்றாவது மறுப்புதான் கடினமானது: தோட்டம் அழகூட்டிய தெருவில் வாடகை ஏறி, பயிரிட்டவர்களே வெளியேற நேர்கிறது. நியூயார்க் அதைக் காட்டியது. தோட்டத்தைக் கைவிடுவது இதற்கு விடையாகாது. நிலத்தைச் சந்தையிலிருந்து விலக்கி அறக்கட்டளை, கூட்டுறவு ஆகியவற்றின் பெயரில் நிறுத்துவதும், வாடகைக்குக் கட்டுப்பாடு வைப்பதுமே விடை. நிலம் இன்றித் தோட்டத்தை மட்டும் ஆதரிக்கும் அரசுகள் ஏழைகளின் இலவச உழைப்பில் மனை விலையை ஏற்றிக்கொள்கின்றன.

டெட்ராய்ட் இயக்கம் இந்தத் திசையில்தான் நகர்ந்துள்ளது. 2020-இல் மூன்று அமைப்புகள் சேர்ந்து கறுப்பின விவசாயிகள் தாங்கள் பயிரிடும் மனையை வாங்கப் பணம் தரும் நில நிதியை ஏற்படுத்தின. 2024 மே மாதம் உட்வர்டு சாலையில் உறுப்பினர்களுக்கே சொந்தமான மக்கள் உணவுக் கூட்டுறவுக் கடை திறக்கப்பட்டது. பெரும்பாலான அமெரிக்கச் சமூகத் தோட்டங்களின் நிலை அப்படியில்லை. பிங்ரீ காலத்தைப் போலவே, இன்னொருவர் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலத்தில்தான் அவை நடக்கின்றன. உரிமத்தைப் புதுப்பிக்கும் அதிகாரம் உழுபவரிடம் இல்லாதவரை அவற்றை நிவாரணத் திட்டங்கள் என்றே வகைப்படுத்த வேண்டும்.