வியப்பேடுகளில் வல்வெட்டித்துறை

1918இல் நியூயார்க் பத்திரிகையொன்றில் விளையாட்டு வீரர்களின் விநோத சாகசங்களைச் சித்திரங்களாகத் தீட்டி ராபர்ட் ரிப்ளி தொடங்கிவைத்த 'நம்பினால் நம்புங்கள்' என்னும் ஆச்சரியக் களஞ்சியமும், மதுபான ஆலையொன்றின் ஆதரவில் 1955இல் வெளிவந்த கின்னஸ் நூலும் உலகெங்கும் வளர்த்துவிட்ட விசித்திர வேட்கைக்கு, கடலோடிகளின் ஊராகிய வல்வெட்டித்துறை அளித்த காணிக்கை ஆழிக்குமரன் ஆனந்தன். 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த தொண்டைமானாறு நவரத்தினசாமியின் அடியொற்றி, 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திச் சென்று, நீந்தியே 51 மணி நேரத்தில் திரும்பினார் அவர். பிற்காலத்தில், எதையும் பற்றிக்கொள்ளாமல், தூக்கிய காலை ஊன்றிய காலின்மீது சாய்க்காமல் ஒற்றைக்காலில் நிற்பது போன்ற பிரயத்தனங்களும் சேர்ந்தன; அந்தச் சமுத்திர நீச்சலின் பக்கத்தில் அவை, என் அபிப்பிராயத்தில், வெறும் வேடிக்கைகளே. 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது, தமது 41ஆம் வயதில், அவர் உயிர்நீத்தார்.