வேப்பேரிக்குப் போன வைத்தியம்

தாம்பரத்து நண்பர் ஒருவர் சீக்காகிவிட்ட தம் நாயைப் பக்கத்துத் தெரு மிருக வைத்தியரிடம் காட்டினார். ஊசி, மருந்து, பரிசோதனை என்று நீண்ட பில்லைப் பார்த்ததும் நாயைவிட அவர்தான் அதிகம் சோர்ந்து போனார்.

"வேப்பேரிக்குப் போங்களேன், செலவு குறைவு" என்றேன்.

"ஆட்டோவுக்கு யார் கொடுப்பது?" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி பிறந்தது நம் தென்பக்கத்தில்தான். 1903-ல் சைதாப்பேட்டையில், 'டாபின் ஹால்' என்ற இடத்தில், 20 மாணவர்களுடன் ஆரம்பமாயிற்று. 1905-லேயே வேப்பேரிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்ததே 1931-ல்தான். நம்மை யார் கேட்கப் போகிறார்கள்? 1936-ல் அது சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்து, இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்தைப் பட்டப் படிப்பாக்கியது.

அங்கே கட்டணம் குறைவாயிருப்பதற்குத் தர்ம சிந்தனை மட்டும் காரணமல்ல. அது சர்க்கார் கல்லூரி; மாணவன் தொழில் கற்க நோயுற்ற பிராணி வேண்டும். நொண்டிக்கொண்டு வரும் நாயும் அங்கே ஓர் உபாத்தியாயர்! தனி வைத்தியருக்கு அந்த வசதி ஏது? வாடகையும் யந்திரமும் நம் பிராணியின் தலையில்தான் ஏறும். அதை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தப் பரிசோதனை எதற்கு, எவ்வளவு ஆகும் என்று முன்னதாகச் சொல்லாமல் பில்லை நீட்டுகிறார்களே, அதுதான் அநியாயம்.

நண்பர் கடைசியில் வேப்பேரிக்கே போனார். நாயைச் சுற்றி ஏழெட்டு மாணவர்கள் நின்றார்களாம். ஆட்டோக் கூலிதான் வைத்தியச் செலவைப் போலப் பல மடங்கு.